இன்னும் அஞ்சே வருஷம்

 இது கொஞ்சம் நீளமான பதிவு. ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் உட்கார்ந்த பிறகு படியுங்கள். மிஷின் பக்கத்தில் நின்றுகொண்டு படிக்க வேண்டாம்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, நம் பள்ளியில் படித்த ஒருவன் வீட்டுக்கு வந்தான். "எழுதிக்கோங்க சார், பேரு மட்டும் போடாதீங்க" என்று சொல்லியிருக்கிறான். அதனால் பெயர் வேண்டாம். வயது 31. ஒரகடத்தில் கார் உதிரி பாகம் செய்கிற கம்பெனியில் ஒப்பந்தத் தொழிலாளி. பைக்கை வாசலில் நிறுத்தினான். ஹெல்மெட் பக்கக் கண்ணாடியில் தொங்குகிறது.

"வண்டலூர் வாலாஜாபாத் ரோட்டுல கன்டெய்னர் லாரிக்கு நடுவுல வர்ற. தலைக்குப் போட வேண்டியதைக் கண்ணாடிக்கு எதுக்குடா போட்டிருக்க?" என்று கேட்டேன்.

"அதைப் போட்டா முடி கொட்டுது சார்" என்றான்.

காபி குடித்த பிறகுதான் வந்த விஷயம் வெளியே வந்தது. இரண்டு இடத்தில் பெண் பார்த்து, இரண்டும் தட்டிப் போயிருக்கிறது. ஒரு இடத்தில் நேராகவே சொல்லிவிட்டார்களாம், மாப்பிள்ளைக்கு வயசு கூடத் தெரிகிறது என்று. இவன் ஒரு முடி நடும் நிலையத்துக்குப் போயிருக்கிறான். 2,500 முடி நட வேண்டும், 90 ஆயிரம் ஆகும், மாதத் தவணைக்கு நாங்களே ஏற்பாடு செய்கிறோம் என்றார்களாம். அவன் கைக்கு வரும் சம்பளத்தைப் பார்த்தால் அது ஐந்து மாத உழைப்பு. இன்னொரு பக்கம், முடியையே ஆய்வகத்தில் வளர்த்துத் தரப் போகிறார்கள், சீக்கிரம் வந்துவிடும் என்று செல்போனில் வீடியோ பார்த்திருக்கிறான்.

"நீங்க எல்லாத்தையும் படிக்கிறவரு சார். இப்பவே நட்டுடட்டுமா, இல்ல அது வர்ற வரைக்கும் காத்திருக்கட்டுமா?"

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வா என்று சொல்லி அனுப்பிவிட்டேன். தெரியாத பாடத்தைப் படிக்காமல் வகுப்புக்குப் போகக் கூடாது என்று பயிற்சிப் பள்ளியில் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். ஒரு வாரம் உட்கார்ந்து படித்தேன். படித்ததை உங்களுக்கும் சொல்கிறேன். இந்த வட்டாரத்தில் இதே கேள்வியோடு எத்தனை பேர் இருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். எல்லோரும் என்னைத்தான் உதாரணம் காட்டியிருப்பீர்கள்!

ஆம், நீங்கள் எனக்கு வைத்த பட்டப்பெயர் எனக்கு முதல் வருடமே தெரியும். குறளில் கவரிமா வரும் பாடத்தை நடத்தும்போதெல்லாம் கடைசி பெஞ்சில் யார் வாயைப் பொத்திக்கொண்டார்கள் என்பதும் நினைவில் இருக்கிறது. வருத்தம் இல்லை. ஆனால் ஒரு விஷயத்தை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. என் மனைவிக்கு மட்டும்தான் தெரியும்.

1988இல் எனக்கு 29 வயது. கல்யாணமாகி ஒரு வருடம். முன்நெற்றி இரண்டு பக்கமும் ஏறிக்கொண்டிருந்தது. சுங்குவார்சத்திரத்தில் நான் முடி வெட்டிக்கொள்ளும் கடைக்கார அண்ணன் சீப்பை வைத்து அளந்து பார்த்துவிட்டு, "கவலைப்படாதீங்க வாத்தியாரே, இன்னும் அஞ்சே வருஷம், வெள்ளைக்காரன் மருந்து கண்டுபிடிச்சிடுவான்" என்றார். அந்த வருடமே செய்தித்தாளில் ஒரு சின்னக் கட்டம் வந்தது. அமெரிக்காவில் வழுக்கைக்கு மருந்து அனுமதிக்கப்பட்டுவிட்டது என்று. கத்தரித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். நம் ஊர் மருந்துக் கடைகளில் கேட்டால், "அப்படி ஒண்ணு வரலையே சார்" என்றார்கள்.

பொறுமை இல்லை. மாதத்துக்கு ஒரு நாள் ஒரு ஊர் லாட்ஜில் தங்கி வைத்தியம் பார்க்கும் ஒருவரைப் பற்றி விளம்பரம் பார்த்தேன். முப்பது நாளில் முடி என்று போட்டிருந்தது. கல்யாண மோதிரத்தை அடகு வைத்து மூன்று புட்டி தைலம் வாங்கினேன். நான்காம் நாள் தலை முழுக்கக் கொப்புளம். காய்ச்சல் என்று பொய் சொல்லி ஒரு வாரம் விடுப்பு எடுத்தேன். அடுத்த மாதம் அந்த லாட்ஜுக்குப் போனால், அவர் வருவதை நிறுத்திவிட்டார் என்றார்கள். என் மனைவி அன்று சொன்னது ஒன்றே ஒன்று: "முடி போனா எனக்கு ஒண்ணும் இல்ல. வட்டி போகுதே, அதை முதல்ல பாருங்க."

எனவே இந்தப் பாடத்தை ஏமாந்தவன் எழுதுகிறான் என்று வைத்துக்கொண்டு படியுங்கள்.

நான் ஒருவன் மட்டும் ஏமாந்தவன் இல்லை என்பதுதான் வரலாறு சொல்லும் முதல் ஆறுதல். எகிப்தில் கிடைத்த ஈபர்ஸ் பாப்பிரஸ் என்ற மருத்துவச் சுவடி ஏறக்குறைய கி.மு. 1550ஐச் சேர்ந்தது. வழுக்கைக்குச் சிங்கம், நீர்யானை, முதலை, பூனை, பாம்பு, காட்டாடு ஆகியவற்றின் கொழுப்பைக் கலந்து தடவச் சொல்கிறது. சிங்கத்துக்குப் பிடரி இருக்கிறது, அதன் கொழுப்பைத் தடவினால் நமக்கும் வரும் என்று நினைத்திருக்கலாம். கிரேக்க மருத்துவர் ஹிப்போகிரட்டீஸ் புறா எச்சம் உட்படப் பலதைப் பரிந்துரைத்ததாகச் சொல்வார்கள். ஆனால் அவர் பெயரில் உள்ள மருத்துவ வாக்கியங்களில் ஒரு நல்ல கவனிப்பு இருக்கிறது. சிறுவயதில் விதை நீக்கப்பட்ட ஆண்களுக்கு வழுக்கை விழுவதில்லை. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இதன் பொருள் விளங்க இரண்டாயிரம் வருடத்துக்கு மேல் ஆயிற்று. ரோமாபுரியின் ஜூலியஸ் சீசர் வழுக்கையை மறைக்கத்தான் இலை மகுடத்தை விரும்பி அணிந்தார் என்று அவர் வரலாற்றை எழுதிய சூட்டோனியஸ் குறிப்பிடுகிறார். உலகத்தைப் பிடித்தவருக்கும் முன்நெற்றியைப் பிடித்து வைக்க முடியவில்லை.

நம் நாட்டுக்கு வருவோம். கரிசலாங்கண்ணி, நெல்லிக்காய், செம்பருத்தி, மருதாணி எல்லாம் நம் பாட்டிமார் காய்ச்சிய எண்ணெயில் இருந்தவை. எண்ணெய் தலையின் வறட்சியைக் குறைக்கும், முடி உடைவதைக் குறைக்கும். அது உண்மை. ஆனால் புட்டியில் அடைத்து விற்பனைக்கு வந்தபோது, வாக்குறுதியும் சேர்ந்து புட்டிக்குள் போனது.

இதில் ஒரு சுவையான கதை. வங்காளத்தில் ஹேமேந்திர மோகன் போஸ் என்பவர் குந்தலின் என்ற கூந்தல் தைலம் தயாரித்தார். 1896இல் அந்தத் தைலத்தின் பெயரால் ஒரு சிறுகதைப் போட்டி வைத்தார். கதைக்குள் தைலம் வர வேண்டும், ஆனால் விளம்பரமாகத் தெரியக் கூடாது. முதல் பரிசு பெற்ற கதையில் எழுதியவர் பெயரே இல்லை. எழுதியது யார் தெரியுமா? செடிகளுக்கு உணர்ச்சி உண்டு என்று உங்களுக்கு ஆறாம் வகுப்பில் நான் நடத்தினேனே, அந்த ஜகதீச சந்திர போஸ்தான். காய்ச்சலில் முடி இழந்த ஒருவர் கப்பலில் இலங்கைக்குப் போகிறார். நடுக்கடலில் புயல் வருகிறது. கையிலிருந்த கூந்தல் தைலத்தைக் கடலில் ஊற்றுகிறார், அலை அடங்கிவிடுகிறது. வங்க மொழியின் ஆரம்பகால அறிவியல் கதைகளில் இதுவும் ஒன்று. ஒரு பெரிய விஞ்ஞானி தைலத்தைப் புயலை அடக்க மட்டுமே பயன்படுத்தினார், தலையில் தேய்த்து முடி வளர்ந்ததாக எழுதவில்லை என்பதைக் கவனியுங்கள்!

இனி கொஞ்சம் உயிரியல்.

நம் தலையில் ஏறக்குறைய ஒரு லட்சம் முடிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் 2 முதல் 6 வருடம் வளர்ந்து, சில மாதம் ஓய்ந்து, உதிர்ந்து, அதே குழியிலிருந்து மறுபடியும் முளைக்கும். நாளைக்கு 50 முதல் 100 வரை உதிர்வது இயற்கை. ஆண்களுக்கு வரும் பரம்பரை வழுக்கையில் நடப்பது வேறு. டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன், உடலில் ஒரு நொதியின் உதவியால் டிஹெச்டி என்ற இன்னொன்றாக மாறுகிறது. பரம்பரையாக அதற்கு இளகும் முடிக்குழிகள் ஒவ்வொரு சுற்றிலும் சிறுத்துக்கொண்டே போகின்றன. முடி மெலிந்து, பூனை முடியாகி, கடைசியில் கண்ணுக்கே தெரியாமல் போகிறது. அதாவது வழுக்கை என்பது முடி கொட்டுவது அல்ல, முடி சிறுத்துப் போவது. பின்தலை முடிக்கு அந்த இளக்கம் இல்லை. அதனால்தான் என்னைப் போன்றவர்களுக்குக் காதோரத்தில் ஒரு வேலி மிஞ்சுகிறது.

இதற்கு வழி காட்டியவர் ஜேம்ஸ் ஹாமில்டன் என்ற அமெரிக்க உடற்கூற்றியலாளர். 1942இல் அவர் ஆய்வு வெளிவந்தது. விதை நீக்கப்பட்ட ஆண்களுக்கு வழுக்கை இல்லை. அவர்களுக்கு ஆண் ஹார்மோனை ஊசியாகக் கொடுத்தபோது, குடும்பத்தில் வழுக்கை உள்ளவர்களுக்கு மட்டும் முடி குறையத் தொடங்கியது. ஹிப்போகிரட்டீஸ் வாக்கியத்துக்கு விடை கிடைத்துவிட்டது. காரணம் தெரிந்துவிட்டது, மருந்து நாளைக்கே வரும் என்றுதான் எவரும் நினைப்பார்கள். வரவில்லை. காரணம் தெரிவதற்கும் மருந்து கிடைப்பதற்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்பதை இந்த வரலாறு முழுக்கப் பார்க்கலாம்.

வந்த இரண்டு மருந்துகளும் வேறு ஏதோ தேடப் போய்க் கிடைத்தவை.

முதலாவது மினாக்ஸிடில். அப்ஜான் என்ற அமெரிக்கக் கம்பெனி வயிற்றுப்புண்ணுக்கு மருந்து தேடியபோது பிறந்த வேதிப்பொருள் குடும்பம் அது. புண்ணுக்கு உதவவில்லை, ரத்த அழுத்தத்தைக் குறைத்தது. 1979இல் ரத்த அழுத்த மாத்திரையாக அனுமதி கிடைத்தது. சாப்பிட்டவர்களுக்கு முகத்திலும் கையிலும் முடி வளர ஆரம்பித்தது. பக்கவிளைவே மருந்தாயிற்று. தலையில் தடவும் திரவமாக 1988 ஆகஸ்டில் அமெரிக்க அனுமதி கிடைத்தது. என் சட்டைப்பையில் இருந்த செய்தி அதுதான். நம் நாட்டிலும் பிறகு வந்தது. இன்று எல்லா மருந்துக் கடையிலும் இருக்கிறது.

மருந்து பொய்யில்லை. ஆனால் அந்தச் சின்னக் கட்டத்தில் எழுதாதது நிறைய. எல்லோருக்கும் வேலை செய்யாது. உச்சியில் மெலிந்த இடத்துக்கு ஓரளவு உதவும். பல வருடமாகப் பளபளவென்று இருக்கும் இடத்தில் பயிர் வைக்காது. ஆரம்ப வாரங்களில் இன்னும் அதிகமாகக்கூட உதிரும். நான்கைந்து மாதம் ஆகாமல் பலன் தெரியாது. நிறுத்தினால் சில மாதங்களில் கிடைத்ததும் போய்விடும். ஆயுள் சந்தா கட்டுவது மாதிரி.

இரண்டாவது ஃபினாஸ்டரைடு. இதன் கதை டொமினிகன் குடியரசு என்ற கரீபியன் நாட்டின் சிற்றூர்களில் தொடங்குகிறது. அங்கே சில குழந்தைகள் பெண்ணாகப் பிறந்ததாகக் கருதப்பட்டு வளர்ந்து, பருவம் வந்தபோது ஆணாக மாறினார்கள். ஜூலியான் இம்பெரட்டோ மெக்கின்லி என்ற மருத்துவ ஆய்வாளரும் உடன் உழைத்தவர்களும் 1974இல் காரணத்தை வெளியிட்டார்கள். நான் மேலே சொன்ன அந்த நொதி அவர்களுக்குப் பிறவியிலேயே குறைவு. அவர்களுக்கு வயதான பிறகும் புராஸ்டேட் சுரப்பி சிறியதாகவே இருந்தது, வழுக்கையும் விழவில்லை. மெர்க் கம்பெனி அந்த நொதியைத் தடுக்கும் மாத்திரையைச் செய்தது. 1992இல் புராஸ்டேட் வீக்கத்துக்கு, 1997இல் குறைந்த அளவில் வழுக்கைக்கு அனுமதி கிடைத்தது.

இதுவும் வேலை செய்கிறது. பலருக்கு இருப்பதைக் காப்பாற்றுகிறது. இதையும் நிறுத்தினால் பலன் போய்விடும். விலை இன்னொன்றும் உண்டு. கம்பெனி நடத்திய சோதனையிலேயே நூற்றில் ஏறக்குறைய 4 பேருக்குத் தாம்பத்திய விஷயத்தில் குறை சொல்லும்படி ஆயிற்று. மருந்தே இல்லாத வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களில் 2 பேர் அப்படிச் சொன்னார்கள். மனச்சோர்வு பற்றிய எச்சரிக்கையும் பிறகு சேர்ந்தது. கர்ப்பிணிப் பெண்கள் உடைந்த மாத்திரையைக் கையால் தொடவும் கூடாது. எனவே டாக்டரைப் பார்க்காமல், நண்பன் சொன்னான் என்று இதை வாங்கிப் போடாதீர்கள்.

அடுத்து, முடி நடுவது. ஜப்பானில் ஷோஜி ஒகுடா என்ற டாக்டர் 1939இலேயே தோலோடு முடியை எடுத்து வேறு இடத்தில் நட்டுக் காட்டிக் கட்டுரை எழுதினார். போர் வந்தது, உலகம் அதைப் படிக்கவில்லை. நியூயார்க்கில் நார்மன் ஓரன்ட்ரைக் 1952இல் வழுக்கைக்கு இதைச் செய்தார். பின்தலை முடியை முன்னால் நட்டாலும் அது தன் பிறந்த இடத்துக் குணத்தோடே வளரும் என்று 1959இல் எழுதினார். நாற்றைப் பிடுங்கி அடுத்த வயலில் நட்டாலும் நெல் ரகம் மாறுவதில்லையே, அப்படி. அந்தக் காலத்தில் கொத்துக் கொத்தாக நட்டதால் பொம்மைத் தலை மாதிரி இருந்தது. இப்போது ஒன்றிரண்டு முடிகளாக எடுத்து நடுகிறார்கள். நல்ல கைகளில் இயற்கையாகவே தெரிகிறது.

ஆனால் இது புதிய முடியை உண்டாக்குவதில்லை. இருப்பதை இடம் மாற்றுகிறது. நாற்றங்கால் சிறியது. 31 வயதில் முன்னால் நட்டுவிட்டால், 40 வயதில் அதற்குப் பின்னால் உள்ளது போகும்போது தீவு மாதிரி நிற்கும். அதனால் நட்ட பிறகும் மருந்து தொடர வேண்டி வரும். இதைத் தவணை பேசியவர்கள் அவனிடம் சொல்லவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2016 மே மாதம் நம் சென்னையில் ஒரு இளைஞர் முடி நடப் போய் உயிரை விட்டார். அவரே மருத்துவம் படித்தவர். அந்த நிலையம் மருத்துவமனையாக அனுமதி பெற்றதே இல்லை என்று விசாரணையில் வெளிவந்தது. 2022இல் தேசிய மருத்துவ ஆணையம் தெளிவாகச் சொல்லிவிட்டது: இதைப் பயிற்சி பெற்ற மருத்துவர்தான் செய்ய வேண்டும், பயிலரங்கிலும் யூடியூபிலும் பார்த்துக் கற்றது பயிற்சி ஆகாது, அவசர சிகிச்சை வசதி இருக்க வேண்டும். மயக்க மருந்து கொடுத்து மணிக்கணக்கில் செய்வது அறுவை சிகிச்சைதான், அழகு நிலைய வேலை இல்லை.

இனி அவன் கேட்ட இரண்டாவது கேள்வி. ஆய்வகத்தில் முடி வளர்ப்பது.

1999இல் நேச்சர் இதழில் ஒரு சிறிய ஆய்வு வந்தது. இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகத்தில் காலின் ஜஹோடா தன் தலையின் முடிக்குழியிலிருந்து சில செல்களை எடுத்தார். சக ஆய்வாளரான அவர் மனைவியின் கையில் வைத்தார்கள். அங்கே முடி முளைத்தது. அவ்வளவுதான், உலகமே துள்ளியது. பத்து முடியை எடுத்துப் பத்தாயிரம் ஆக்கலாம், நாற்றங்கால் தீரவே தீராது! சுங்குவார்சத்திரம் அண்ணன் அந்த வருடமும் அதையேதான் சொன்னார்: "இன்னும் அஞ்சே வருஷம் வாத்தியாரே."

என்ன ஆயிற்று? இங்கிலாந்தில் இன்டர்சைடெக்ஸ் என்ற கம்பெனி மனிதர்களிடம் சோதனை வரை போய்க் கைவிட்டது. விக் தயாரிப்பில் பெயர் பெற்ற ஜப்பானின் அடெரான்ஸ் அமெரிக்காவில் ஆய்வுக்கூடம் நடத்தி, 2013இல் மூடியது. 2016இல் ஜப்பானின் ரிகென் ஆய்வு நிறுவனமும் கியோசெரா கம்பெனியும் கைகோத்து, 2020இல் நடைமுறைக்குக் கொண்டுவருவது இலக்கு என்றார்கள். 2020 வந்தது. கொரோனா வந்தது. முடி வரவில்லை.

ஏன்? இவர்கள் யாரும் மோசடிக்காரர்கள் இல்லை. விஷயம் கடினம். முடிக்குழியின் அடியில் உள்ள அந்தச் செல்களைக் கண்ணாடித் தட்டில் போட்டு வளர்த்தால் எண்ணிக்கை பெருகும், ஆனால் முடி செய்யும் வேலையை மறந்துவிடும். 2013இல் ஜஹோடாவும் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஏஞ்செலா கிறிஸ்டியானோவும் அவற்றைச் சொட்டுக்குள் உருண்டையாக வளர்த்தால் கொஞ்சம் நினைவு திரும்புகிறது என்று கண்டார்கள். 7 பேரிடம் எடுத்ததில் 5 பேர் செல்கள் முடி கொடுத்தன, அதுவும் எலியின் முதுகில் ஒட்டிய மனிதத் தோலில். 2022இல் யோகோஹாமாவில் எலிச் செல்களைக் கொண்டு தட்டிலேயே 3 மில்லிமீட்டர் முடி வளர்த்தார்கள். எல்லாம் உண்மை. ஆனால் எலியிலிருந்து மனிதனுக்கு வர, சரியான திசையில், சரியான நிறத்தில், உதிர்ந்தால் மறுபடி முளைக்கும்படி, புற்றுநோய் ஏதும் வராமல் என்று நிரூபிக்க வேண்டும். இந்த உலகத்தில் வழுக்கையைப் பற்றிக் கவலைப்பட வேண்டாதவை ஆய்வக எலிகள் மட்டுமே!

மாத்திரை மருந்துகளிலும் அப்படித்தான். 2012இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தார் வழுக்கைத் தோலில் ஒரு குறிப்பிட்ட வேதிப்பொருள் அதிகம் இருப்பதைக் கண்டார்கள். அதைத் தடுக்கும் மாத்திரை ஏற்கனவே ஒவ்வாமைக்காகச் செய்யப்பட்டுத் தயாராக இருந்தது. எடுத்துக் கொடுத்தால் போதும் என்றார்கள். செடிபிப்ரன்ட் என்று பெயர். ஆண்களிடம் சோதித்தபோது வெறும் மாத்திரையைவிட மேலாக எதுவும் செய்யவில்லை. கண்டுபிடித்தபோது வந்த செய்தி பெரிது. தோற்றபோது வந்த செய்தியை யாரும் பார்க்கவில்லை. "இன்னும் ஐந்து வருடம்" சாகாமல் இருப்பதற்குக் காரணம் இதுதான். பிறந்த குழந்தைக்கெல்லாம் ஊரைக் கூட்டிச் சர்க்கரை கொடுக்கிறோம். இறந்ததை மட்டும் சொல்லாமல் புதைத்துவிடுகிறோம்.

ஒன்றும் நடக்கவே இல்லையா என்றால், நடந்திருக்கிறது. நாம் புழுவெட்டு என்று சொல்கிறோமே, வட்ட வட்டமாக முடி போவது, அது வேறு நோய். புழுவும் இல்லை, பூச்சியும் இல்லை. நம் உடலின் காவல் செல்களே முடிக்குழியைத் தாக்குவது. அந்த ஏஞ்செலா கிறிஸ்டியானோவுக்கே இந்த நோய் வந்தது. அதன் பிறகு அதையே ஆராய்ந்தார். 2014இல் அவரும் குழுவினரும் வெளியிட்ட ஆய்வு வழி திறந்தது. 2022 ஜூனில் பாரிசிடினிப் என்ற மாத்திரை கடுமையான புழுவெட்டுக்கு அமெரிக்காவில் அனுமதிக்கப்பட்டது. தொடர்ந்து இன்னும் இரண்டு. விலையும் ஆபத்தும் உள்ள மருந்துதான், நிறுத்தினால் நோய் திரும்பலாம். ஆனாலும் ஒரு கதவு திறந்தது. பள்ளியில் தலையில் கைக்குட்டை கட்டிக்கொண்டு வந்த ஒரு பிள்ளை எனக்கு நினைவுக்கு வந்தாள். இந்தச் செய்தி அவள் கண்ணில் பட்டிருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

பரம்பரை வழுக்கைக்கும் இப்போது சோதனையில் சில உள்ளன. டிஹெச்டியைத் தோலிலேயே மறிக்கும் கிளாஸ்கோடெரோன், தூங்கும் முடி ஸ்டெம் செல்களை எழுப்பப் பார்க்கும் பிபி405 என்ற பெயர்களை நீங்கள் வீடியோக்களில் கேட்டிருப்பீர்கள். வரலாம். வந்தால் நல்லது. வந்த பிறகு பேசுவோம்.

நம் வட்டாரத்துக்கு ஒரு வார்த்தை. நம்பிக்கை என்றால் என்ன என்று ஸ்ரீபெரும்புதூர்க்காரர்களுக்குப் பாடம் எடுக்கத் தேவையில்லை. கேழ்வரகும் நெல்லும் விளைந்த மண்ணில் கார் வந்தது, கண்ணாடி வந்தது, டயர் வந்தது. 2006இல் பெரிய கைபேசித் தொழிற்சாலை உற்பத்தி தொடங்கியபோது என் மாணவிகள் சீருடை போட்டுக்கொண்டு பஸ் ஏறியதைக் கண்ணால் பார்த்தேன். 2014 நவம்பரில் அது நின்றது. வந்தது பொய்யா? இல்லை. அந்த எட்டு வருடச் சம்பளத்தில் எத்தனை வீடு எழும்பியது. ஆனால் அது என்றைக்கும் இருக்கும் என்று நம்பிக் கடன் வாங்கியவர்கள் பட்ட பாடும் எனக்குத் தெரியும். நம்பிக்கை வைப்பது தப்பில்லை. நம்பிக்கையை அடகு வைத்துக் கடன் வாங்குவதுதான் தப்பு. மோதிரத்தை வைத்தவன் சொல்கிறேன்.

சில சந்தேகங்களுக்கு நேரடியாகப் பதில்:

ஹெல்மெட் போட்டால் வழுக்கை விழாது. கம்பெனிக்குள் போடும் தொப்பியாலும் விழாது. ஈரத் தலையோடு போடாதீர்கள், உள்ளே உள்ள துணியைத் துவையுங்கள், போதும். போன முடி போனால் போகட்டும். தலை போனால் எதை வைத்து நடுவது?

போர் தண்ணீரின் உப்பு முடியைச் சொரசொரப்பாக்கலாம், நுனி உடையலாம். பரம்பரை வழுக்கைக்கு அது காரணமில்லை. வல்லம் வடகால் விடுதி மாதிரி இடங்களில் ஆயிரக்கணக்கில் தங்கி வேலை பார்க்கும் பெண் பிள்ளைகள் முதலில் தண்ணீரைத்தான் குற்றம் சொல்கிறீர்கள். ஹீமோகுளோபின், இரும்புச்சத்து, தைராய்டு பரிசோதனை செய்து பாருங்கள். காலைச் சாப்பாட்டை விடாதீர்கள். கடும் காய்ச்சல், பிரசவம், திடீரென்று எடை குறைப்பு இவற்றுக்கு இரண்டு மூன்று மாதம் கழித்துக் கொத்தாகக் கொட்டும். பெரும்பாலும் சில மாதங்களில் தானே திரும்பி வரும். அந்த நேரத்தில் யார் எண்ணெய் விற்றாரோ அவருக்குப் பெயர் கிடைக்கும். இறுக்கி வாரிக் கொண்டை போடுவதை மட்டும் குறையுங்கள்.

வழுக்கையைக் குணப்படுத்தும் என்று சொல்லி மருந்து விற்பதே நம் நாட்டில் விதிக்குப் புறம்பு. 1945ஆம் வருட மருந்து விதிகளின் 'ஜே' அட்டவணையில் வழுக்கையும் இருக்கிறது. அந்த அட்டவணையில் உள்ள நோய்களைக் குணமாக்கும் என்று எந்த மருந்தும் சொல்லிக்கொள்ளக் கூடாது. அடுத்த முறை விளம்பரம் பார்க்கும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

அவன் சொன்ன ஞாயிற்றுக்கிழமையே வந்தான். இதையெல்லாம் சொன்னேன். மோதிரக் கதையையும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப ஒண்ணும் பண்ணாம இருக்கச் சொல்றீங்களா சார்? உங்களுக்குக் கல்யாணம் ஆன பிறகு போச்சு. எனக்கு முன்னாடியே போகுது" என்றான்.

நியாயமான கேள்வி. என்னிடம் அதற்குப் பதில் இல்லை. முடி பெரிய விஷயமில்லை என்று அறுபது வயதுக்காரன் சொல்வது சுலபம். வல்லக்கோட்டை முருகனுக்கு நாமே மனமுவந்து மொட்டை போடுகிறோம், அதில் குறையே தெரிவதில்லை. கேட்காமல் போகும்போதுதான் வலிக்கிறது. பெண் வீட்டாருக்கும் சேர்த்துத்தான் இந்தப் பதிவு. மாப்பிள்ளை தலையில் முடியை எண்ணுகிறவர்கள், அவன் குடிக்கிறானா, கடன் வைத்திருக்கிறானா, அம்மாவை எப்படிப் பேசுகிறான் என்பதையும் எண்ணுங்கள். சொந்தக்காரர்களே, உங்களில் சிலரைத்தான் சொல்கிறேன்.

அவனிடம் சொன்னது இதுதான். முதலில் அரசு மருத்துவமனையின் தோல் பிரிவுக்குப் போ. எது எந்த வகை என்று டாக்டர் சொல்லட்டும். மருந்து கொடுத்தால் ஆறு மாதம் ஒழுங்காகப் போடு. அதற்குப் பிறகும் நட வேண்டும் என்று தோன்றினால், தகுதி உள்ள டாக்டரிடம், சேர்த்து வைத்த பணத்தில் செய்துகொள். தவணைக்கு வேண்டாம். இன்னும் வராத மருந்துக்காகக் கல்யாணத்தைத் தள்ளிப் போடாதே.

போய்ப் பார்த்திருக்கிறான். இப்போது தடவும் மருந்து போடுகிறான். மூன்றாம் வாரம், "இன்னும் ஜாஸ்தியா கொட்டுது சார்" என்று போன் செய்தான். ஆரம்பத்தில் அப்படித்தான் இருக்கும் என்று டாக்டர் சொன்னாரே, பொறு என்றேன். பலன் வருமா வராதா என்று எனக்குத் தெரியாது. வாராவாரம் தலையைப் படம் எடுத்து அனுப்புகிறான். என் போனில் பேரன் படத்தைவிட அவன் தலைப் படம்தான் அதிகம்.

நேற்று வந்தபோது ஹெல்மெட் தலையில் இருந்தது. அது போதும் எனக்கு.

சுங்குவார்சத்திரம் அண்ணன் இன்று இல்லை. கடையை அவர் மகன் நடத்துகிறார். காதோரம் சரி செய்ய மாதம் ஒரு முறை போகிறேன். போன வாரம் அவர் மகனும் கத்தரியை நிறுத்திவிட்டு, "சார், ஏதோ புதுசா வருதாமே, இன்னும் அஞ்சு வருஷத்துல..." என்று ஆரம்பித்தார். சிரித்துவிட்டேன். அப்பாவின் தொழிலோடு அந்த வாக்கியமும் மகனுக்கு வந்துவிட்டது.

உங்களில் யாராவது முடிக்காகப் பணத்தைத் தொலைத்திருந்தால் வெட்கப்படாமல் கீழே எழுதுங்கள். உங்கள் சாரே எழுதிவிட்டேன், இனி உங்களுக்கு என்ன? அதைப் படித்து இன்னொருவன் தப்பித்துக்கொள்ளட்டும்.

எல்லோரும் நலமாக இருங்கள். ஹெல்மெட் போடுங்கள்.

அன்புடன்,
உங்கள் சார்
(பட்டப்பெயர் உங்களுக்கே தெரியும்)